கீகேட்டில் ஒயர் ஏன் பின்னோடு இணையவில்லை?
ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு மண் ஈரம் அளக்கும் போர்டை, சர்க்யூட் வரையும் மென்பொருளான கீகேட்டில் வரைகிறேன், ஒயர் பின்னை, அதாவது பாகத்தின் இணைப்பு முனையைத் தொட்டும் இணையவில்லை என்று சேலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கிரிட்தான், அதாவது வரைதிரையின் கட்டப் புள்ளிகள்தான் காரணம். கீகேட் நூலகத்தில் பாகங்களைக் குறிக்கும் சின்னங்களின் பின்கள் 50 மில், அதாவது 1.27 மி.மீ. கிரிட்டில் உட்காரும்படி வரையப்பட்டவை. நடுவில் கிரிட்டைச் சிறிதாக்கி ஒரு ரெசிஸ்டரை நகர்த்தியிருந்தால், பின் நூலிழை அளவு விலகி நிற்கும். பின்னின் முனையிலுள்ள சின்ன வட்டத்தைக் கவனியுங்கள்; சரியாக இணைந்தால் அது மறைந்துவிடும்.

கிரிட்டை மறுபடி 50 ஆக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் கிரிட்டோடு சீராக்கும் கட்டளையைக் கொடுங்கள். அப்புறம் மின் இணைப்புப் பிழைகளைத் தேடும் ஈஆர்சி சோதனையை ஓட்டுங்கள். விட்டுப்போன பின்களை அது காட்டிக்கொடுக்கும். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

விசைப்பலகையில் சின்னம் சேர்க்க ஏ, சுழற்ற ஆர். ஒயர் போட்ட பிறகு இடம் மாற்ற எம் வேண்டாம், ஜி அழுத்துங்கள். ஒயரும் கூடவே வரும்.