ரேடியோ மாஸ்கோ அட்டைகளை லேமினேட் செய்யலாமா?

பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் தாத்தாவுக்கு சோவியத் வானொலியான ரேடியோ மாஸ்கோ அனுப்பிய கியூஎஸ்எல் அட்டைகளும் (ஒலிபரப்பைக் கேட்டதாக எழுதும் நேயருக்கு நிலையம் அனுப்பும் உறுதி அட்டை) காலண்டர்களும் கிடைத்ததாகவும், லேமினேட் செய்து விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். லேமினேட் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது; சேகரிப்பவர்கள் சீந்தவும் மாட்டார்கள். முதலில் எழுத்துப் பக்கத்தைப் பாருங்கள். தேதி, நேரம், அலைவரிசை நிரப்பியிருந்தால்தான் அது சிற்றலையில் கேட்டதற்கான சான்று. ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்) என்றிருந்தால் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நிரப்பாத அட்டை வெறும் படம்தான். 1993இல் நிலையத்தின் பெயர் வாய்ஸ் ஆஃப் ரஷ்யா என்று மாறியது. அதை வைத்துக் காலத்தை ஓரளவு பிரிக்கலாம். உறையிலிருந்து சோவியத் ஸ்டாம்பைக் கிழித்துவிடாதீர்கள், முத்திரையோடு அப்படியே இருக்கட்டும். அப்புறம், பரண் கரையானுக்குத்தான் லாயக்கு. இரும்பு பீரோவுக்கு மாற்றுங்கள். விற்பதா? தாத்தா பெயர் எழுதிய அட்டையை நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். காலண்டர்களைத் தாராளமாக விற்கலாம்.