புது வைப்பர் பிளேடு கழண்டு வருதா?
புது பிளேடு மாட்டியும் கொஞ்சம் ஓடினதும் கழண்டு தொங்குதுன்னு கேட்டிருக்கீங்க, அது பிளேடு கோளாறு இல்லங்க, கொக்கியில சரியா உக்காரல அவ்ளோதான். பிளேட தாங்குற கம்பி, அதான் ஆர்ம், அதோட நுனி தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருக்கும்ல, அதான் கொக்கி, பிளேடு நடுவுல இருக்குற பிளாஸ்டிக் துண்டு அந்த வளைவுக்குள்ள முழுசா ஏறணும், அதனால பிளேட ஆர்ம் நுனி பக்கமா நல்லா இழுங்க, 'டிக்'னு சத்தம் கேக்குற வரைக்கும், பயந்து பயந்து இழுத்தா பாதியிலயே நின்னுரும்.

சத்தம் வந்தும் லொடலொடன்னு ஆடுதுன்னா அடாப்டர், அதாவது அந்த பிளாஸ்டிக் துண்டு, தப்பு, கொக்கி தடிமன் 3 மிமீ, 4 மிமீன்னு ரெண்டு வகை இருக்கு, பாக்கெட்ல இன்னொரு துண்டு கிடக்கும் பாருங்க.

முக்கியமா பிளேடு இல்லாம ஆர்ம் நிக்கும்போது கண்ணாடி மேல தடியா ஒரு டவல மடிச்சுப் போட்ருங்க, ஸ்பிரிங் பட்டுனு அடிச்சா கண்ணாடியே விரிசல் விட்ரும். டெஸ்ட் பண்றப்ப தண்ணி தெளிச்சுட்டு ஓட்டுங்க.