அணைத்த பிறகு

வணக்கம் ஐயா,

குடியாத்தத்தில் எட்டு விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டுகிறேன். கரண்ட் போனால் எட்டும் நின்றுவிடும். சிறிய அணு உலைகள் வரப்போவதாகப் படித்தேன். மோர்தானா அணைப் பக்கம் 220 மெகாவாட்டில் ஒன்று வைத்தால் நம் மாவட்டத்துக்கே போதுமே? கதிர்வீச்சு, வெடிப்பு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இன்ஜினியரிங் படிக்கும் என் மகளோ, "ஆஃப் பண்ணினால் முடிந்தது, அப்புறம் எப்படி வெடிக்கும்?" என்கிறாள். நல்லதா கெட்டதா, ஒரே வரியில் சொல்லுங்கள்.

அன்பரசு, குடியாத்தம்

அன்புள்ள அன்பரசு,

ஒரே வரியில் சொல்ல முடியாது. லுங்கியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் நீங்கள் வாங்க மாட்டீர்கள். இதை மட்டும் ஒரு வரியில் கேட்கிறீர்கள்.

உங்கள் தறி நிற்பதற்கும் அணு உலைக்கும் சம்பந்தம் குறைவு. மோர்தானாவில் உண்டாகும் மின்சாரம் நேராகக் குடியாத்தத்துக்கு நடந்து வராது. மின்தொகுப்பில் கலந்து, எங்கே இழுக்கிறார்களோ அங்கே போகும். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால் பக்கத்து ஊரில் பத்து உலை இருந்தாலும் தறி ஓடாது. கதிர்வீச்சைப் பற்றியும் நீட்ட வேண்டாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக மனிதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அளவு) வருகிறது. இயல்பாக ஓடும் நிலையத்தால் வெளியே இருப்பவருக்கு வரக்கூடியதன் உச்சவரம்பு 1. அணுகுண்டு போல வெடிக்குமா என்றால், இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் வகை நூற்றுக்கு 0.7 பங்குதான். அது குண்டாகாது.

நன்மையை மறைக்கவும் மாட்டேன். கல்பாக்கம் மாதிரியான 220 மெகாவாட் உலையில் எரிபொருள் கட்டுகளாகப் போகிறது. ஒரு கட்டு அரை மீட்டர் நீளம், 8.2 சென்டிமீட்டர் விட்டம், 19 குழாய்கள், எடை 15 கிலோ அளவில். உள்ளே போகும் முன் கையுறை போட்டு ஒரு ஆளே தூக்கிவிடலாம். அந்த ஒரு கட்டிலிருந்து சுமார் 6 லட்சம் யூனிட் மின்சாரம். அதே யூனிட்டுக்கு 400 டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும், அதாவது காட்பாடி வழியே போகும் சரக்கு ரயிலில் ஏழு பெட்டி. உலைக்கு ஒரு நாளைக்கு எட்டொன்பது கட்டு போதும். புகையும் இல்லை, சாம்பல் மேடும் இல்லை. வெளியே வந்த கட்டின் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்க முடியாது. அதைப் பல மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டும்.

இனி உங்கள் மகளுக்கு. குழந்தை கேட்டது நல்ல கேள்வி. உங்கள் கேள்வியைவிட நல்ல கேள்வி. ஆனால் விடை தப்பு. தப்பான இடமும் அதுவேதான், எல்லோரும் தவறும் இடம்.

ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களைக் கேளுங்கள், விறகை வெளியே இழுத்துவிட்ட பிறகும் எவ்வளவு நேரம் வேகும் என்று. உலையிலும் கட்டுப்பாட்டுக் கோல்கள் விழுந்த இரண்டு மூன்று நொடியில் தொடர்வினை, அதாவது ஒரு யுரேனிய அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் சங்கிலி, நின்றுவிடும். பிளந்த யுரேனியத்தின் துண்டுகள் மட்டும் தாமாகச் சிதைந்துகொண்டே சூடு விடும். அந்தச் சூட்டுக்கு சுவிட்ச் கிடையாது. 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பம் ஏறக்குறைய 800 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 50 மெகாவாட் மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து 12. ஒரு நாள் கழித்து 4. ஒரு மாதம் ஆனாலும் 1 மெகாவாட் அளவில் இருக்கும். தணலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போவது போல இங்கே முடியாது. ஒரு நாளான உலையின் சூட்டை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஆற்றுவதானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு 12,000 லிட்டர் டேங்கர் வேண்டும். முதல் சில மணி நேரத்தில் முக்கால் மணிக்கு ஒன்று. பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். நிலையம் நின்றிருக்கிறது, வெளியூர் லைனும் போய்விட்டது என்றால் அந்தக் கரண்ட் எங்கிருந்து வரும்? டீசல் ஜெனரேட்டரிலிருந்து. அதுவும் இல்லையென்றால்?

இதற்கு 2011-ல் ஜப்பானில் சுனாமி தாக்கிய ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தையே எல்லோரும் சொல்கிறார்கள். நான் நம் நரோரா அணுமின் நிலையத்தைச் சொல்வேன். உத்தரப்பிரதேசம், 1993 மார்ச் 31. முதல் உலையின் டர்பைனில் கடைசி வரிசை இறக்கைகள் இரண்டு முறிந்தன. தண்டு அதிர்ந்து ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள் வழியே ஓடியது. உலை ஒழுங்காக நின்றது, அதில் குறையில்லை. ஆனால் வழக்கமான மின்சாரத்தின் கேபிளும் அவசர மின்சாரத்தின் கேபிளும் நடுவில் தடுப்பில்லாமல் ஒரே பாதையில் போயிருந்தன. இரண்டும் சேர்ந்து வெந்தன. டீசல் ஜெனரேட்டர் இருந்து என்ன பயன்? 17 மணி நேரம் நிலையம் முழுக்க இருட்டு. காப்பாற்றியது டீசலில் ஓடும் தீயணைப்பு பம்பு. அதற்கு அந்தக் கேபிள்கள் தேவையில்லை. அந்தத் தண்ணீரை, உலையின் சூட்டை வாங்கி நீராவியாக்கும் நீராவிக் கலங்களுக்குள் விட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் போய்க் தொடர்வினை திரும்பத் தொடங்காமல் தடுக்கும் போரானைக் கையாலேயே சேர்த்தார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை.

உங்கள் ஷெட்டிலேயே பாருங்கள். மெயின் லைன், ஜெனரேட்டர் லைன் இரண்டும் சேஞ்ச்ஓவர் பெட்டிக்கு ஒரே குழாயில்தானே வருகின்றன? எலி ஒரு கடி கடித்தால் இரண்டும் போகும். எட்டுத் தறிக்கு அது பரவாயில்லை. உலைக்கு அந்தக் குழாய்தான் எல்லாமே. ஒன்றுக்கு மூன்று ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம் என்று யாராவது பெருமை பேசினால் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். மூன்றும் ஒரே அறையிலா, ஒரே மட்டத்திலா, ஒரே தொட்டி டீசலிலா என்று கேளுங்கள். ஃபுகுஷிமாவில் அலை வந்தது 14, 15 மீட்டர் உயரத்துக்கு, நிலையம் 5.7 மீட்டருக்கே கணக்கிடப்பட்டிருந்தது. டீசல்களும் சுவிட்ச் பலகைகளும் பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்து மூழ்கின. ஆறாவது உலைக்கென்று சற்று மேட்டில், காற்றால் குளிரும் ஒரு டீசல் இருந்தது. அந்த ஒன்று ஐந்தாவதையும் ஆறாவதையும் காப்பாற்றியது. கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் பம்பு வீட்டுக்குள் அலை புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திக் குளிரவைத்தார்கள். இந்த மூன்று சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளைப் படிக்கச் சொல்லுங்கள். தொடர்வினையை நிறுத்துவதில் மூன்று இடத்திலும் தகராறு இல்லை.

மோர்தானாவை மறந்தே போனேன். அணையின் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கனஅடி, அதாவது 740 கோடி லிட்டர். கடல் இல்லாத இடத்தில் குளிர்கோபுரம் கட்ட வேண்டும். 220 மெகாவாட்டுக்கு அது நாள் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டரை ஆவியாக்கும். உப்பு சேராமல் இருக்க வெளியே விடுவதையும் சேர்த்து இரண்டு கோடி வையுங்கள். அணை நிறைந்திருந்தால் ஒரு வருஷம் ஓட்டலாம், வெயிலில் வற்றுவதைக் கழிக்காமல், கழனிக்கு ஒரு சொட்டும் விடாமல். பாலாறு இருக்கிறதே என்பீர்கள். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது, உண்மைதான். வருஷத்தில் மிச்ச நாளில் அது மணல். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் பாலோ வெர்டே அணுமின் நிலையம் ஃபீனிக்ஸ் நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குளிர்கிறது. அதற்கு முதலில் அவ்வளவு பெரிய நகரம் வேண்டும். உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு, விபத்து நேர்ந்தால் மக்களை அப்புறப்படுத்தும் திட்டமும் வேண்டும். மோர்தானாவை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், உங்கள் தறிக்கூடம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று. அப்படியே அந்த ஜெனரேட்டர் லைனைத் தனிக் குழாயில் மாற்றிவிடுங்கள். ஒரு நாள் வேலைதான்.