கெர்னல் புதுப்பித்த பிறகு ஹார்ட் டிஸ்க் பிழை: டிஸ்க்கையே கேளுங்கள்

கேள்வி: உபுண்டுவில் கெர்னலைப் புதுப்பித்துக் கணினியை மறுபடி இயக்கியதிலிருந்து ஹார்ட் டிஸ்க் பிழைகள் வருகின்றன. எதையும் சேமிக்க முடியவில்லை. ‘படிக்க மட்டும்’ என்கிறது. சர்வீஸ் கடையில் டிஸ்க் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். முதல் நாள்வரை நன்றாகத்தானே ஓடியது? கெர்னல்தானே காரணம்?

பதில்:

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலாகவும் இருக்கலாம். ஆனால் புதுப்பித்த மறுநாள் பிழை வந்தது என்பது மட்டும் சாட்சி என்றால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த வழக்கில் காக்கைக்குத்தான் தண்டனை கிடைக்கும்.

யாரைக் குற்றம் சொல்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். கோப்பு முறைமையில் பிழை தெரிந்தால் உடனே எழுதுவதை நிறுத்து என்று உபுண்டு பெரும்பாலும் தன் முதன்மைப் பகிர்வுக்கு (பார்ட்டிஷன்) முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது. ‘படிக்க மட்டும்’ என்று மாறியது அதனால்தான். அந்த நிலையிலேயே வேண்டியவற்றை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்துவிடலாம். ‘எஃப்எஸ்சிகே ஓட்டு, சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவி பழுது பார்ப்பதே டிஸ்க்கில் எழுதித்தான். நலிந்த டிஸ்க்கில் எழுதப் போய், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளையும் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் ராயபுரத்துக்காரன். எம்.சி. சாலை ஜவுளிக் கடைகள், காசிமேட்டு மீன் வியாபாரிகளின் கணக்கு அறைகள் என்று லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பதுதான் பிழைப்பு. இந்தப் பக்கத்துக் கடைகளில் கணக்குக் கணினியை வாரக்கணக்கில் அணைக்கவே மாட்டார்கள். புதிய கெர்னல் நடைமுறைக்கு வர வேண்டுமானால் மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும். அன்றுதான் டிஸ்க் நெடுநாளாகத் தொடாத பகுதிகளைப் படிக்கிறது. கூடவே புதிய கெர்னல், அதன் துணைக் கோப்புகளான மாட்யூல்கள், இனிட்ராம்எஃப்எஸ் என்று சில நூறு மெகாபைட் புதிய இடத்தில் எழுதப்படுகிறது. அந்த இடம் நைந்துபோன இடமாக அமைந்துவிட்டால் புதிய கெர்னல் தொடங்கும்போதெல்லாம் பிழை வரும். பழைய கெர்னலின் கோப்புகள் டிஸ்க்கின் நல்ல பகுதியில் இருப்பதால் அது சமர்த்தாகத் தொடங்கிவிடும்! பார்ப்பவர்களுக்குப் புதிய கெர்னல்தான் குற்றவாளி என்று தோன்றும்.

‘பழைய கெர்னலில் ஏற்றிப் பார்’ என்ற சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதில் தொடங்குவது என்று கேட்கும் ‘கிரப்’ பட்டியல் வரும். அதில் கூடுதல் விருப்பங்களுக்குள் பழைய பதிப்புகள் இருக்கும். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் அந்தத் தீர்ப்பை அப்படியே நம்ப முடியாது. கெர்னலின் கை படாத சாட்சி ஒன்று வேண்டும்.

அந்தச் சாட்சி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. உபுண்டுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ தரவைப் பாருங்கள். நீளமான பட்டியல் வரும். அஞ்ச வேண்டாம், நமக்கு வேண்டியவை 5, 197, 199 என்ற மூன்று வரிசைகள்தான். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளின், கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல், இன்னும் மாற்று இடமும் கொடுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் செக்டர்கள். 197இல் சுழிக்கு மேல் எண் இருக்கிறது, அதுவும் பார்க்கப் பார்க்க ஏறுகிறது என்றால் கடைக்காரர் சொன்னது சரி. எந்தக் கெர்னலும் அதைக் காப்பாற்றாது. 199 வேறு சாதி. தரவு கேபிள் வழியாகப் போகும்போது வழியிலேயே சிதைந்த தடவைகளை அது எண்ணுகிறது. டிஸ்க்குக்குள் தரவைத் தாங்கும் தட்டுகள் நன்றாக இருந்தும் இந்த எண் ஏறலாம்.

எண்களைக் குறித்துக்கொண்ட பிறகு அதே இடத்தில் நீள்சோதனையைத் தொடங்குங்கள். டிஸ்க் தன்னைத்தானே முழுக்கப் படித்துப் பார்க்கும். ஒரு டெராபைட் டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும். டிஸ்க்கின் சொந்த மென்பொருள் நடத்தும் சோதனை என்பதால் கெர்னலுக்கும் கேபிளுக்கும் இதில் வேலையே இல்லை. ‘படிப்பதில் தோல்வி’ என்று முடிந்தால் விசாரணை முடிந்தது. தேறிவிட்டால் டிஸ்க்கை விட்டுவிட்டு வெளியே தேடுங்கள்.

காசிமேட்டு அலுவலகம் ஒன்றில் ஒரு டிஸ்க் இப்படித்தான் தேறியது. துறைமுகத்து உப்புக்காற்று நேராக உள்ளே வரும் அறை. பெட்டியின் திருகுகளே துருவேறி, ஸ்க்ரூடிரைவருக்குப் பிடி கொடுக்கவில்லை. 5 சுழி, 197 சுழி, 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கெர்னலின் பிழைப் பதிவேட்டில் ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ (இணைப்பை மறுபடி தொடங்குகிறேன்) என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. இணைப்பின் வேகமும் படிப்படியாகக் குறைந்து 1.5 ஜிகாபிட்டில் நின்றது. டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் தலையில் உள்ள கொக்கி உடைந்திருந்ததால், மின்விசிறி சுற்றும் அதிர்வுக்கே அது தளர்ந்து ஆடியது. ரிச்சி தெருவில் வாங்கிய புதுக் கேபிளைச் செருகி வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் பிழை நின்றது. கேபிளை மாற்றினாலும் 199 குறையாது. அது கூடிக்கொண்டே போகும் கணக்கு. மேற்கொண்டு ஏறாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதே பெட்டியில் புது டிஸ்க்கைப் போட்டிருந்தால் அதுவும் அந்தக் கேபிளில் தொங்கி அதே பிழையைத்தான் கொடுத்திருக்கும்.

சரி, மெய்யாகவே கெர்னல் காரணமாக இருப்பது எப்போது? பெரும்பாலும் மின்சேமிப்பில். 2017இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி டிஸ்க்குகளைச் சும்மா இருக்கும் நேரத்தில் உறங்க வைக்கும் வசதி கெர்னலில் இருக்கிறது. 2018இல் வந்த 4.15 பதிப்பில் சாட்டா இணைப்புக்கும் புதிய மின்சேமிப்பு நிலை ஒன்று சேர்ந்தது. சில டிஸ்க்குகள், குறிப்பாக மலிவான எஸ்எஸ்டிகள், உறங்கப் போனால் ஒழுங்காக எழுவதில்லை. இதன் அடையாளம் வேடிக்கையானது: பெரிய கோப்பை நகலெடுக்கும்போது ஒன்றும் ஆகாது, நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து மவுஸை அசைத்தால் பிழை. ஸ்மார்ட் எண்களும் பழையபடியே இருக்கும்.

இந்தச் சந்தேகம் இருந்தால் மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள்: கிரப் பட்டியலில் உபுண்டு வரியின் மேல் நின்று ‘ஈ’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஏஎச்சிஐ.மொபைல்_எல்பிஎம்_பாலிசி=1 என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். என்விஎம்இ என்றால் என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0. அந்த ஒரு தடவைக்கு மட்டுமே இது செல்லும் என்பதால் தைரியமாகச் செய்து பார்க்கலாம். பிழை நின்றால் கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி பெட்டிக்குள் உள்ள டிஸ்க் என்றால் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தகராறும் சேர்ந்துகொள்ளும். டிரைவரைச் சந்தேகிக்கும் முன் வேறு யுஎஸ்பி கேபிளில் முயலுங்கள்.

தரவையே கெடுத்த கெர்னல்களும் உண்டு. 2018இல் 4.19 பதிப்பில் கோப்புகள் சிதைந்தன. முதலில் எல்லோரும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைச் சந்தேகித்தார்கள், கடைசியில் கோளாறு கோப்பு முறைமைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உள்ள பிளாக் அடுக்கில் இருந்தது. 2023 டிசம்பரில், உபுண்டுவுக்கு மூலமான டெபியனின் 6.1.64 கெர்னலில் தரவு சிதையக்கூடிய பிழை தெரிந்து, டெபியன் 12.3 வெளியீட்டையே நிறுத்திவிட்டு, திருத்தத்துடன் 12.4ஐ டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். நம் பக்கம் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த வாரம் அது. மழைநீரும் மின்வெட்டும் பார்த்த கணினிகள் இங்கே எத்தனையோ. அந்த வாரம் ஒருவருக்குக் கோப்பு கெட்டிருந்தால் புயலையும் சொல்லலாம், கெர்னலையும் சொல்லலாம். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மேற்சொன்ன இரண்டு கெர்னல் பிழைகளிலும் டிஸ்க் எந்தப் புகாரும் சொல்லவில்லை, கோப்புகள்தான் கெட்டன. உங்கள் கணினியிலோ டிஸ்க்கே பிழை சொல்கிறது. அதனால்தான் நான் கெர்னலைக் கடைசியில் வைக்கிறேன்.

நீள்சோதனை தேறி, 199 அசையாமல், பழைய கெர்னலில் பிழையே இல்லை என்றால் பழையதிலேயே ஓட்டுங்கள். அடுத்த திருத்தம் வரும்வரை அது நீக்கப்படாமல் ‘ஹோல்ட்’ போட்டுவிடுங்கள். சோதனை தோற்றால் புது டிஸ்க் வாங்குங்கள். முன்பு நகலெடுக்க மறுத்த கோப்புகள் ஏதாவது இருந்தால் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் ‘டிடிரெஸ்கியூ’ என்ற மீட்புக் கருவி கொண்டு அதை முழுப் பிம்பமாக (டிஸ்க்கின் அச்சு நகலாக) எடுங்கள். அந்தக் கருவி நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட பகுதிகளைக் கடைசிக்குத் தள்ளும். இரவு முழுக்க ஓடலாம், யுபிஎஸ் இணைப்பில் வையுங்கள்.