18 வருடத் தேக்கைத் தரகரிடம் கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பு வரப்பில் 18 வருடத் தேக்கு 12 நிற்கிறது. வீட்டு வேலை தொடங்கி பேஸ்மென்ட் முடிந்துவிட்டது. "இளந்தேக்கு புழுத்துப்போகும், நிலைக்கு ஆகாது. மரத்தை மொத்தமாக என்னிடம் விடுங்கள், வெளிநாட்டுத் தேக்கில் நிலை, கதவு எல்லாம் ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார் தரகர். கொடுத்துவிடலாமா?
- ஒரத்தநாடு வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மரம் நிலைக்கும் ஆகும், ஜன்னலுக்கும் ஆகும். தரகர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியை நம்பவைக்கிறார்.

தேக்கில் புழுப்பது வெளிறு. பட்டைக்கு அடியில், வெளுத்த மஞ்சளாக, சுற்றிலும் ஒன்றரை அங்குலம் போல இருக்கும். அதில் மாவுச்சத்து உண்டு என்பதால் வண்டு ஏறும்; சில மாதத்தில் குண்டூசித் துளைகளிலிருந்து மாவு மாவாகக் கொட்டும். உள்ளே தேன் நிறத்தில் இருக்கிற வைரத்தை அது தொடாது. நூறு வருட மரத்திலும் வெளிறு வெளிறுதான். இளமரத்தில் வெளிறு கூடுதல், வைரத்தில் எண்ணெய்ப்பசை கொஞ்சம் குறைவு. பாரம் தாங்கும் வலிமையில் பெரிய குறை இல்லை. கேரளத்தில் பீச்சி வன ஆராய்ச்சி நிறுவனத்துச் சோதனைகளும் அதைத்தான் காட்டின. பட்டை உரித்து 36 அங்குலச் சுற்றளவு வரும் கட்டை என்றால், வெளிறைக் கழித்தாலும் எட்டு அங்குல வைரம் நிற்கும். நடுவில் மெத்தென்று இருக்கும் சோற்றை ஒதுக்கிவிட்டு, ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம் இரண்டு எடுக்கலாம்.

இனி அந்த "வெளிநாட்டுத் தேக்கு". வெளிநாட்டுத் தேக்கு என்றாலே நினைவுக்கு வரும் பர்மா, 2014 ஏப்ரலிலேயே உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தூத்துக்குடியில் கன்டெய்னரில் வந்து இறங்கும் தேக்கில் நிறைய, கானா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளில் தோட்டம் போட்டு வளர்த்தது. அங்கேயும் இருபது வருடத்தை ஒட்டித்தான் வெட்டுகிறார்கள். உங்கள் இளந்தேக்கை மலிவாக வாங்கிக்கொண்டு, வேறொருவர் தோட்டத்து இளந்தேக்கை உங்களுக்கே முழு விலைக்கு விற்கப் பார்க்கிறார். அதிலும் வெளிறோடு சேர்த்து அறுத்து, மேலே பழுப்புச் சாயம் தடவிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் ஓரத்தை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெளுப்பு தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். உருட்டுக்கட்டையைச் சுற்றளவில் கால் பங்கு எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். மூன்றடிச் சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் இந்தக் கணக்கில் 5.6 கன அடி. உள்ளபடி அதில் இருப்பது 7.2 கன அடி. சேதாரம் போக என்று வைத்த பழைய கணக்கு இது, தப்பில்லை. ஆனால் கேட்கிற விலை இந்தக் கணக்குக்கா என்று தெரியாமல் விற்றால் நஷ்டம் உங்களுக்கு. "மரம் ஒன்று இவ்வளவு" என்று கண்மதிப்பில் பேசினால் பேச்சையே தொடராதீர்கள்.

பட்டா நிலத்து மரம்தான் என்றாலும் வெட்டி வண்டியில் ஏற்றுமுன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சிட்டா, அடங்கல், விஏஓ சான்று கேட்பார்கள். கன்றை இலவசமாகக் கையில் கொடுத்து நடச் சொல்வதும் அரசுதான், வளர்த்தவனை வெட்டும்போது மேசை மேசையாக அலையவிடுவதும் அரசுதான். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் தரகரிடம் போகிறார்கள். எத்தனையோ வருடமாகச் சொல்லியாகிவிட்டது, மாறவில்லை.

அறுத்த மரத்தை உடனே இழைக்கக் கூடாது. நிழலில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு ரீப்பர் (மெல்லிய மரக்குச்சி) வைத்துக் காற்றோட வையுங்கள். முனைகளில் பெயின்ட் அடித்துவிடுங்கள். அங்கேதான் முதலில் காய்ந்து வெடிக்கும். ஒரு துண்டை வாரம் ஒருமுறை மளிகைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. மூன்றங்குலச் சட்டத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாது. தேக்கில் மணற்சத்து உண்டு, இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். ஆசாரி கூலி கூடக் கேட்டால் அது நியாயம்தான்.

அதுவரை வீட்டு வேலையை நிறுத்த வேண்டாம். நிலைகளுக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லி, பூச்சுக்கு முன் கிளாம்ப் போட்டுப் பொருத்தலாம். தலைவாசல் நிலைக்கு மட்டும் இது ஒத்துவராது. அதற்கு நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிறுத்துவீர்கள். சுவர் அதைப் பிடித்துக்கொண்டே எழும். பச்சை மரத்தை அங்கே நிறுத்தினால், சுவருக்குள் இருந்தபடியே காய்ந்து சுருங்கும், முறுக்கும். அடுத்த கோடையில் நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே விரல் நுழையும், கதவு ஒரு பக்கம் இடிக்கும், தாழ்ப்பாள் துளையில் விழாது. பிறகு சுவரை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். "நம்ம தோட்டத்து மரம்தான் தலைவாசலில் இருக்கணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்காகக் கதவை உங்கள் மரத்தில் செய்யுங்கள், அதற்கு அவகாசம் இருக்கிறது. அந்த ஒரு நிலைக்கு மட்டும் காய்ந்த மரம் விலைக்கு வாங்குங்கள். வாங்கப் போகும்போது பிளேடை மறக்காதீர்கள்.