பில் போடும் முன்: தீபாவளிக் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் 31 வருஷம் பில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். 2025 தீபாவளிக்கு முன் வந்த கடிதங்கள் இவை; பாதிக்கு மேல் அக்டோபர் 20, அந்தத் தீபாவளி நாளைப் பற்றித்தான்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறோம். அமெரிக்க ஆர்டர் நின்றதிலிருந்து ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது. போனஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகள், மாமியார். கடன் வாங்கித் துணி எடுக்கலாமா, போனஸ் வரும்வரை பொறுக்கலாமா?
– எஸ்.ஆர்., அனுப்பர்பாளையம்

பதில்: கடன் வேண்டாம் கண்ணு. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கான வரியை 50 சதவீதம் ஆக்கிவிட்டது. திருப்பூர் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. இது எப்போது சரியாகும் என்று முதலாளிக்கே தெரியாதபோது, வராத போனஸை நம்பி வட்டிக்கு வாங்கினால் பொங்கலுக்கும் சேர்த்து மாட்டிக்கொள்வீர்கள்.

போனஸ் உங்கள் உரிமை. சட்டப்படி (2025 தீபாவளி நிலவரம்) வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், மாதச் சம்பளம் 21 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும், வருஷத்தில் 30 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதை வைத்துக் கணக்கு. 7,000 என்றே வைத்தாலும் முழு வருஷத்துக்கு ஏழாயிரத்தை ஒட்டி வரும். ஆனால் தீபாவளிக்கு முன்னால் தருவது நம் ஊர் வழக்கம்தான். சட்டம் கணக்கு முடிந்து எட்டு மாதம் அவகாசம் தருகிறது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி நவம்பர் கடைசியில் கொடுத்தாலும் கேட்க முடியாது. அதனால் அது இல்லாமலே கணக்குப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு உங்கள் ஊர் காதர்பேட்டை ஜவுளி மார்க்கெட்டில் எடுங்கள். நாள் முழுக்க ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவர்களை எந்தக் கடைக்காரர் ஏமாற்ற முடியும்? துணியை உள்பக்கம் திருப்பினால் உங்களுக்கே தெரிந்துவிடும். ‘ஜிஎஸ்டி குறைப்பு’ போர்டைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள ரெடிமேடுக்கு 5 சதவீதம். முன்பு ஆயிரத்தைத் தாண்டினால் 12. வரிக்கு முன் 1,500 ரூபாய் உள்ள சுடிதாரில் 105 ரூபாய் மிச்சம், உண்மைதான். ஆனால் 600, 700 ரூபாய்ப் பிள்ளை உடுப்புக்கு அன்றும் 5, இன்றும் 5. அங்கே என்ன குறைந்தது?

இன்னொன்று. என் கவுன்ட்டருக்குக் கீழே ஒரு நீலக் கூடை இருக்கும். பில் தொகையைக் கேட்டதும் “இது ஒண்ணை எடுத்துடுங்க” என்று ஜனங்கள் திருப்பித் தருவதை அதில் போடுவோம். தீபாவளிக்கு முந்தின இரவு அதைக் கொட்டி அடுக்கினால் முக்கால்வாசி சேலையும் நைட்டியுமாகத்தான் இருக்கும். பிள்ளையின் சட்டையையோ வீட்டுக்காரரின் வேட்டியையோ யாரும் திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை. ஆகவே உங்களுக்கும் மாமியாருக்கும் முதலில் எடுத்து, அதற்குத் தனியாக பில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜூனில் மகளுக்குக் கல்யாணம் செய்தோம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது எங்கள் வழக்கம். கல்யாணக் கடனே அடையவில்லை. இவருக்கு லேத் பட்டறையில் வேலை வாரத்துக்கு மூன்று நாள்தான். போடாவிட்டால் மகளுக்குச் சொல் வரும்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: சவரன் விலை போகிற போக்கில் அரைச் சவரன் மோதிரமே செய்கூலி, சேதாரம், வரியோடு உங்கள் வீட்டு நாலைந்து மாதச் செலவு. நான் என் கதையைச் சொல்கிறேன். அப்பா பவானியில் ஜமக்காளத் தறி போட்டவர். என் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச், எல்லோருக்கும் துணி, ஒரு குறையும் இல்லை. தை மாதம் என்னைப் பார்க்க வந்தவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். சைக்கிள் எங்கே என்றேன். “பஞ்சர்” என்றார். அந்தப் பஞ்சர் ஒட்டப்படவே இல்லை. அந்த வாட்சை என் வீட்டுக்காரர் கட்டியது ஆறு மாதமோ என்னவோ.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு போன். மகளைத் தூது விடாதீர்கள், அவள் நடுவில் நசுங்குவாள். சம்பந்தியம்மாவை நீங்களே கூப்பிடுங்கள், அதுவும் இந்த வாரமே. “வேலை கம்மிங்க. துணிமணி, பலகாரம், எண்ணெய்க் குளியலுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம். மோதிரம் மட்டும் இப்ப முடியலைங்க, கை தெளிஞ்சதும் பார்த்துக்கலாங்க.” அவ்வளவுதான். மன்னிப்பு கேட்க வேண்டாம், தேதியும் சொல்ல வேண்டாம். முன்கூட்டியே சொன்னால் அது சேதி. அன்றைக்கு மாப்பிள்ளை வெறும் விரலோடு ஊர் திரும்பினால்தான் பேச்சு. இந்த வருஷம் அவர்கள் வீட்டிலும் நிலைமை சுகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: மகன் 18,000 ரூபாய் போன் கேட்கிறான். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, வட்டியே இல்லை என்கிறார்கள். நல்லதுதானே?
– கே.வி., சேலம்

பதில்: வட்டி இல்லாமல் கடன் தர பேங்க் என்ன உங்கள் மாமனாரா? பேங்க் வட்டி போடும், அந்தத் தொகையைக் கடைக்காரர் விலையில் கழித்துக் காட்டுவார். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி – இவை உங்கள் தலையில். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு: மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி பல இடங்களில் இஎம்ஐக்குக் கிடையாது. “ரொக்கமாகத் தந்தால் கடைசி விலை என்ன?” என்று முதலில் கேளுங்கள். வித்தியாசம் ஆயிரம் என்றால் அதுதான் வட்டி. பழைய போனுக்கு பேட்டரி மாற்றிப் பார்த்தீர்களா?

கேள்வி: எங்கள் தெருவில் தீபாவளி பண்டு பிடிக்கிறார்கள். மாதம் 500, பன்னிரண்டு மாதம். முடிவில் 8,000 ரூபாய்க்குப் பலகாரம், பட்டாசு, பாத்திரம். அடுத்த வருஷத்துக்குச் சேரலாமா?
– எம்., பவானிசாகர்

பதில்: அதே 500-ஐ மாதாமாதம் கட்டும் பேங்க் சேமிப்பான ஆர்.டி.யில் போட்டால், 6.5 சதவீதம் என்று வைத்தால், ஆறாயிரத்துக்கு மேல் 200 ரூபாய் சொச்சம்தான் வரும். இவர் மட்டும் 2,000 எங்கிருந்து கொண்டுவருவார்? நானும் ஒரு வருஷம் கட்டினேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போனால் கதவில் பூட்டு, வாசலில் எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேர், ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் என்ன வாங்கினீர்கள்?
– இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்

பதில்: குக்கருக்கு கேஸ்கட். பேரனுக்கு ஒரு பெட்டி மத்தாப்பு, சத்தம் போடுவது எதுவும் இல்லை. எனக்குக் கோ-ஆப்டெக்ஸில் ஒரு காட்டன் சேலை, தீபாவளித் தள்ளுபடி 30 சதவீதம் போக. பில் போட்ட பெண் பை வேண்டுமா என்றாள். மஞ்சப்பையை எடுத்து நீட்டினேன். “ஏனுங்க பாட்டி, நீங்க கடையில வேலை பார்த்தவங்களா?” என்றாள்.