ஓல்டு கோர்ஸில் ஒற்றை ஆளுக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி: எடின்பரோவில் படிக்கும் மகனைப் பார்க்க ஜூலையில் நானும் மனைவியும் போகிறோம். சென்னையில் பல வருடங்களாக கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 18. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் ஒரு ரவுண்டாவது ஆட ஆசை. கூட ஆட ஆள் இல்லை. இடம் கிடைக்குமா? நம்மூர் ஆட்டம் அங்கே எடுபடுமா?

பதில்: கிடைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

அது பொது மைதானம். எந்த கிளப்பிலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஹேண்டிகேப் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கட்டும். இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து வந்தால், ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். தனி ஆளுக்கு வேறு குலுக்கல்: முந்தைய நாளே அங்கே நேரில் போய்ப் பதிய வேண்டும். பெயர் வந்தால், ஆள் குறைவாக உள்ள ஒரு குழுவோடு சேர்த்துவிடுவார்கள். முன்பு இதற்காக விடிய விடிய வரிசையில் நின்றார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முந்தைய நாளே பதிய வேண்டியிருப்பதால் எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் போய் வருவது சரிப்படாது. செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே இரண்டு மூன்று இரவு தங்குங்கள். ரயில் பக்கத்து ஊரான லூக்கர்ஸ் வரைதான், அங்கிருந்து பஸ். குலுக்கலில் பெயர் வராவிட்டால் பக்கத்திலேயே 1895-இல் திறந்த நியூ கோர்ஸ் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல்முறை லிங்க்ஸ் (கடலோர மணல்நில மைதானம்) ஆடுபவருக்கு அதுதான் நல்ல வாத்தியார்.

இனி ஆட்டம். நம்மூரில் தண்ணீர் பாய்ச்சிய மெத்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை) வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) உயர அடித்தால் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். கடலோர மணல் நிலத்தில் அது நடக்காது. புல் குட்டை, அடித்தரை கெட்டி. விழுந்த பந்து பவுடர் போட்ட பலகையில் கேரம் காய் ஓடுவது மாதிரி ஓடும். உயரப் போனாலோ காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைப் பாதி வீச்சில் தாழ அடித்து, கிரீனுக்கு இருபது முப்பது கெஜம் முன்னாலேயே பந்தை இறக்கி உருள விடுங்கள். கிரீனுக்கு வெளியே இருந்தும் பட்டரை (பந்தை உருட்டும் மட்டை) எடுக்கக் கூச்சப்படாதீர்கள். உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் ஆடுகிறார்கள். நீளமான பட்டிங்கையும் இப்போதே பழகுங்கள். ஓல்டு கோர்ஸில் ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு ஹோல்களுக்குப் (குழிகளுக்குப்) பொது, ஒவ்வொன்றும் அத்தனை பெரிது. ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2-ம் 16-ம், 5-ம் 13-ம்.

பங்க்கர்கள் (மணல் பள்ளங்கள்) 112. புல்கட்டிகளை அடுக்கி எழுப்பிய செங்குத்துச் சுவர்கள். உள்ளே விழுந்தால் குழியில் நட்ட கொடியைக் குறிபார்க்காதீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியேறுங்கள். இங்கே நடந்த 1995 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் 14-ஆம் ஹோலின் 'ஹெல்' பங்க்கரில் சிக்கிய கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸே அந்த ஹோலுக்குப் பத்து அடி எடுத்தார். கேடி (மட்டைகளைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளர்) வைத்துக்கொள்வது வீண் செலவல்ல. பல பங்க்கர்கள் முதல் அடி அடிக்கும் 'டீ' இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது; அன்று அது ஊருக்கே பூங்கா. நாயோடு நடப்பவர்கள், குழந்தைகள் என்று எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு மனைவியோடு நடந்து வாருங்கள். மைதானத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்வில்கன் கல்பாலத்தில் அவருக்கும் ஒரு படம் ஆயிற்று, கிரீன்களின் மேடுபள்ளத்தை நீங்கள் முன்கூட்டியே பார்த்தது மாதிரியும் ஆயிற்று.